கார் பேட்டரியும் காரின் நினைவும்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே சாலையின் ஒரு பக்கம் ரயில் நிலையம். எதிர்ப் பக்கம் பஸ் நிலையம். இரவும் பகலும் மக்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கோவளத்துக்குப் போகிறவர்கள் உண்டு. விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களை ஏற்றிச் செல்லப் பல டாக்சிகள் ஓடுகின்றன.

டாக்சி ஓட்டுபவருக்கு வண்டிதான் சோறு போடுகிறது. விடியற்காலையில் ஒரு சவாரி இருக்கும். சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். செல்ஃப் எடுக்காது. அன்றைய முதல் வருமானம் போயிற்று. பெரும்பாலும் இதற்குக் காரணம் பேட்டரிதான்.

பேட்டரியை மாற்றுவது பெரிய வேலை அல்ல. ஆனால் இன்றைய கார்களில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பேட்டரியைக் கழற்றியதும் கார் சிலவற்றை மறந்துவிடும். கடிகாரம் தவறான நேரம் காட்டும். ரேடியோ பாடாது. கண்ணாடி ஒரே தட்டில் ஏறாது. என்ஜின் நின்ற இடத்தில் நடுங்கும். 'புதுப் பேட்டரி போட்டதும் வண்டி கெட்டுப்போயிற்றே' என்று சிலர் பயந்துவிடுகிறார்கள். வண்டி கெடவில்லை. அதன் நினைவுதான் அழிந்திருக்கிறது.

இது ஏன் நடக்கிறது? எப்படித் தடுக்கலாம்?

பேட்டரி செய்யும் இரண்டு வேலைகள்

காரில் இருப்பது ஈய பேட்டரி. 1859-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் காஸ்தோன் பிளாந்தே இந்த வகைப் பேட்டரியைக் கண்டுபிடித்தார். உள்ளே ஈயத் தகடுகள் இருக்கும். தண்ணீர் கலந்த கந்தக அமிலம் இருக்கும். கார் பேட்டரியில் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12 வோல்ட்.

பேட்டரியின் முதல் வேலை, என்ஜினைக் கிளப்புவது. அதற்கு ஒரு சில நொடிகளில் 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். இந்த வேலை எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. கார் நின்றிருக்கும்போதும் பேட்டரியிலிருந்து மிகச் சிறிய மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அது ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். அதைவிடக் குறைவாகவும் இருக்கும். இந்தச் சிறிய மின்சாரம்தான் காரின் நினைவைக் காக்கிறது.

சிறிய ஓட்டைக் குடம் மெதுவாகக் காலியாவதைப் போல இதுவும் பேட்டரியைக் காலி செய்யும். 2020 மார்ச் 25 அன்று கொரோனா நோய்க்காக நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கார்கள் வாரக்கணக்கில் நின்றன. பிறகு சாவி போட்டபோது பல கார்கள் கிளம்பவில்லை. யாரும் விளக்கைப் போட்டுவிட்டுப் போகவில்லை. இந்தச் சிறிய மின்சாரமே பேட்டரியைக் குடித்துவிட்டது.

பழைய காரும் புதிய காரும்

அம்பாசடர் காரை எல்லோரும் பார்த்திருப்போம். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. பழைய அம்பாசடரில் பெட்ரோலைக் கலந்து கொடுத்தது கார்ப்புரேட்டர். 1983-இல் வந்த மாருதி 800 காரிலும் முதலில் கார்ப்புரேட்டர்தான் இருந்தது. அதை ஸ்குரூ டிரைவரால் திருகிச் சரி செய்தார்கள். அந்தக் கார்களுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. பேட்டரியை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்.

பிறகு புகையைக் குறைக்க அரசு விதிகள் போட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் 'பாரத் ஸ்டேஜ் 6' என்ற கடுமையான விதி நாடு முழுவதும் வந்தது. இந்த விதிகளின்படி ஓட, காருக்குள் சிறிய கம்ப்யூட்டர் வேண்டும். எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்பதை அதுதான் முடிவு செய்கிறது. திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் அருகே 1990-இல் டெக்னோபார்க் தொடங்கியது. கார் கம்ப்யூட்டர்களுக்கான மென்பொருள் எழுதும் வேலையும் அங்கே நடக்கிறது.

இரண்டு வகை நினைவு

காரின் கம்ப்யூட்டரில் இரண்டு வகை நினைவு உண்டு.

ஒன்று, கல்லில் வெட்டிய எழுத்து போன்றது. மின்சாரம் போனாலும் அழியாது. கார் ஓடிய மொத்தக் கிலோமீட்டர் இப்படிப் பதிந்திருக்கும். சாவியை அடையாளம் காணும் இரகசிய எண்ணும் இப்படித்தான். பேட்டரியை மாற்றினால் சாவி வேலை செய்யாது என்று பயப்பட வேண்டாம்.

மற்றொன்று, சிலேட்டில் எழுதியது போன்றது. மின்சாரம் போனால் துடைத்ததுபோல் அழியும். கடிகார நேரம், ரேடியோ நிலையங்கள், என்ஜின் ஓடி ஓடிப் பழகிய அளவுகள் ஆகியவை பல கார்களில் இந்த வகை.

முதலில் எழுதி வையுங்கள்

செலவில்லாத வழி ஒன்று உண்டு. பேனாவும் நோட்டும் போதும்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன், ரேடியோ நிலையங்களின் எண்களை எழுதுங்கள். சில கார்களின் ரேடியோவுக்கு இரகசிய எண் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பினால் ரேடியோ அந்த எண்ணைக் கேட்கும். திருடியவர் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எண் இல்லாவிட்டால் சொந்தக்காரருக்கும் பாடாது. காருடன் வந்த புத்தகத்தில் அல்லது அட்டையில் அந்த எண் இருக்கும். அதைத் தேடி நோட்டில் எழுதுங்கள். நோட்டை வீட்டில் வையுங்கள். காரிலேயே வைத்தால் திருடனுக்கும் அது கிடைக்கும்.

பலருக்கு இது மட்டுமே போதும். கடிகாரத்தைத் திருத்த ஒரு நிமிடம்தான் ஆகும்.

துணை பேட்டரி

நினைவு அழியவே கூடாது என்றால் இன்னொரு வழி உண்டு. பழைய பேட்டரியைக் கழற்றும் நேரத்தில் வேறு சிறிய 12 வோல்ட் பேட்டரி காருக்கு மின்சாரம் தரட்டும். இதற்கென்று ஃபியூஸ் வைத்த வயர் கடையில் கிடைக்கிறது. மெக்கானிக் பரிசோதனைக்கு மாட்டும் சாக்கெட், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். வயரின் ஒரு முனையை அதில் செருகுவார்கள். மறுமுனை துணை பேட்டரிக்கு.

சிலர் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுவார்கள். சாவியை எடுத்த பிறகு அந்த சாக்கெட்டில் செல்போன் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அது பயன்படும். ஏறாவிட்டால் பயன்படாது.

ரேடியோவுக்குப் போடும் 9 வோல்ட் பேட்டரியை நம்ப வேண்டாம். கதவு திறந்து உள் விளக்கு எரிந்தாலே அது சீக்கிரம் தீர்ந்துவிடும்.

துணை பேட்டரியில் ஓர் ஆபத்தும் உண்டு. அது மாட்டியிருக்கும்வரை, கழற்றிய பாசிட்டிவ் வயரிலும் மின்சாரம் இருக்கும். அந்த வயர் காரின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஃபியூஸ் போகும். காக்க நினைத்த நினைவும் போகும். எனவே அந்த வயரின் முனையை ரப்பரால் அல்லது காய்ந்த கனத்த துணியால் சுற்றிக் கட்டுங்கள்.

இதைச் செய்யவே கூடாது

சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். 'என்ஜின் ஓடும்போதே பேட்டரியைக் கழற்று. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும். நினைவு போகாது' என்பார்கள். பழைய கார்களில் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க இப்படிச் செய்வது உண்டு. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இது மிகவும் தவறு. என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பேட்டரி தாங்கிக்கொள்கிறது. குளத்துக்குக் கரை இருப்பதைப் போல அது நிற்கிறது. கரையை உடைத்தால் தண்ணீர் பாயும். அதுபோல வோல்ட் சட்டென்று பல மடங்கு எகிறும். கம்ப்யூட்டரே எரிந்துபோகலாம். கடிகாரத்தைக் காப்பாற்றப் போய்க் காரின் மூளையை இழக்கலாமா? அதை மாற்றும் செலவு, புதுப் பேட்டரியின் விலையைவிடப் பல மடங்கு ஆகும்.

கழற்றும் முறை, மாட்டும் முறை

1. என்ஜினை நிறுத்துங்கள். விளக்குகளை அணையுங்கள். ஒரு கண்ணாடியை இறக்கி வையுங்கள். சாவியைச் சட்டைப் பையில் போடுங்கள். மின்சாரம் போய் வரும்போது கதவு தானாகப் பூட்டிக்கொண்டாலும் கவலை இல்லை.

2. மோதிரம், கைக்கடிகாரம், கைச்சங்கிலி ஆகியவற்றைக் கழற்றுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே உலோகம் பட்டால் நொடியில் பழுக்கக் காயும். விரல் வெந்துவிடும்.

3. பீடி, தீக்குச்சி வேண்டாம். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது தீப்பிடித்து வெடிக்கும்.

4. ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு மைனஸ் (−) முனையை முதலில் கழற்றுங்கள். அதன் பிறகு பிளஸ் (+) முனையைக் கழற்றுங்கள்.

5. புதிய பேட்டரியை வைத்து இறுக்குங்கள். இப்போது பிளஸ் முதலில். மைனஸ் கடைசியில். துணை பேட்டரியைப் போட்டிருந்தால் எல்லாம் முடிந்த பிறகு எடுங்கள்.

ஏன் இந்த வரிசை? காரின் உடம்பு முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடம்பில் பட்டால் பெரிய தீப்பொறி வரும். மைனஸை எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் துணை பேட்டரி இருந்தால் ஆபத்து தொடரும். அப்போது இன்னும் கவனம் வேண்டும்.

அமிலம் கையில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீரால் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

திருவனந்தபுரம் கடலோர ஊர். உப்புக் காற்றும் ஈரமும் அதிகம். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் துடையுங்கள். காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். செல்ஃப் எடுக்காததற்குச் சில சமயம் இந்தப் பூப்புதான் காரணம். அப்போது புதுப் பேட்டரியே வேண்டாம்.

மாட்டிய பிறகு

என்ஜினைக் கிளப்பி, சில நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். கொஞ்சம் நடுங்கினால் பயம் வேண்டாம். சில கிலோமீட்டர் ஓடினால் கம்ப்யூட்டர் மீண்டும் பழகிக்கொள்ளும். கண்ணாடியை முழுதும் ஏற்றி, சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்தால் பல கார்களில் அது சரியாகும்.

சில கார்களில் சிக்னலில் நின்றால் என்ஜின் தானாக நிற்கும். அவற்றுக்குத் தனி வகைப் பேட்டரி வேண்டும். அதே வகையைத்தான் போட வேண்டும். சில கார்களில், புதுப் பேட்டரி வந்ததைக் கருவி மூலம் கம்ப்யூட்டருக்குச் சொல்லவும் வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற வயர்கள் இருக்கும். அவற்றை யாரும் தொடக் கூடாது. அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் இருக்கிறது.

பழைய பேட்டரி எங்கே போக வேண்டும்?

பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கும் மேல் ஈயம். அதை உருக்கி மீண்டும் பேட்டரி செய்யலாம். எனவே கடைக்காரர் பழையதற்கு விலை தருவார். கேட்டு வாங்குங்கள்.

அதை வீட்டில் உடைக்கக் கூடாது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமிலம் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும். அதனால்தான் 2001-இல் மத்திய அரசு பேட்டரிக்கென்று விதி கொண்டுவந்தது. 2022-இல் அதற்குப் பதிலாகப் புதிய விதி வந்தது. பயன்படுத்திய பேட்டரி திரும்பிப் போய், முறையாகப் பிரிக்கப்பட வேண்டும் என்கிறது அந்த விதி.

கடைசியாக ஒரு வேலை. அதே நோட்டில், புதிய பேட்டரி போட்ட தேதியை எழுதுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதையும் எழுதுங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரி பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்கும். தேதி தெரிந்தால், அது நடு வழியில் கைவிடும் முன்பே மாற்றிவிடலாம்.