மூக்கில் வளர்வது சதைதானா?

"மூக்கில் சதை வளர்ந்திருக்கு" என்று டாக்டர் சொன்னதும் பாதிப் பேர் பயந்துவிடுகிறோம். அந்தச் சதையைக் கிட்டத்தில் பார்த்தால் எப்படி இருக்கும் தெரியுமா? தோலுரித்த திராட்சை மாதிரி! வெளிறி, பளபளவென்று, கொத்துக் கொத்தாக. தொட்டால்கூடப் பெரும்பாலும் உணர்ச்சி இருக்காது. உள்ளே நிறைந்திருப்பது வீக்க நீர்.

அந்த நீர் ஏன் வடியாமல் நிற்கிறது? அங்கேதான் அதிசயம். மூக்கின் உட்சுவரில் ஒரு செல் காயப்பட்டால், அதன் உட்கருவில் பதுங்கியிருந்த இன்டர்லூகின்-33 என்ற சேதிப் புரதம் வெளியே கொட்டுகிறது. அபாயச் சங்கு! சங்கொலி கேட்ட எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூகின் 4, 5, 13 என்று அடுத்தடுத்து சேதி அனுப்புகின்றன. இது குடற்புழுக்களை விரட்ட உடம்பு வைத்திருக்கும் படை என்றால் நம்புவீர்களா? புழுவே இல்லாத மூக்கில் அந்தப் போர் மாதக்கணக்கில் நடக்கிறது!

இன்டர்லூகின் 5 வந்தால் இயோசினோஃபில்கள் திரளும். 'இஸ்னோபீலியா' என்று நம் ஊரில் பேசுகிறோமே, அதே வெள்ளணுக்கள்தான். 13 வந்தால் சளி பெருகும். கூடவே, ரத்தம் உறையும்போது வலை பின்னும் ஃபைப்ரினைக் கரைக்கும் பொருளும் குறைந்துபோகிறது. வலை கரையாமல் நிற்கிறது, நீர் அதில் சிக்கிக்கொள்கிறது. இவ்வளவுதான் அந்தச் 'சதை'! வெட்டியெடுத்த பிறகும் பலருக்கு மறுபடி வளர்வது ஏன் என்று இப்போது புரிகிறதா? சங்கு இன்னும் ஓயவில்லை.

இன்னொன்று கேளுங்கள். மடிந்த இயோசினோஃபில்கள் இருமுனையும் கூரான ஊசிப் படிகங்களை விட்டுச் செல்கின்றன. பிரான்சின் மருத்துவர் ஷார்கோ 1853-லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். 1872-ல் ஜெர்மனியின் மருத்துவர் லைடன் ஆஸ்துமாக்காரர்களின் சளியில் கண்டார். வெறும் குப்பை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 2019-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் இந்தப் படிகங்களை எலிகளின் நுரையீரலில் செலுத்திப் பார்த்தார்கள். குப்பையே அழற்சியைக் கிளப்பியது! சைனஸ் நோயாளிகளின் சளியில் இருந்த படிகங்களை எதிர்ப்புரதம் கொண்டு கரைத்தும் காட்டினார்கள். எனக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது.

அதே 2019 ஜூனில் இன்டர்லூகின் 4, 13 இரண்டின் சேதியையும் ஒரே வாசலில் மறிக்கும் டுபிலுமாப் ஊசிக்கு, 'பாலிப்' எனப்படும் இந்த மூக்குச் சதையின் சிகிச்சைக்காக அமெரிக்கா அனுமதி கொடுத்தது. வருஷக்கணக்கில் வாசனையே தெரியாதிருந்த பலருக்கு மறுபடி மணம் தெரியத் தொடங்கியது!