நல்லதென்று நினைத்து அனுப்பினேன்!



இதை எழுதலாமா, வேண்டாமா என்று பதினைந்து நாள் யோசித்தேன். 'இதெல்லாம் பேப்பர்ல எழுதற சமாச்சாரமா?' என்று என் மாமியார் கூடக் கேட்டார். ஆனால், நான் செய்த தவறை இன்னும் எத்தனை பேர் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறார்களோ என்று நினைத்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். ஏலச்சீட்டுக் கணக்கு, தண்ணீர் லாரி வரும் நேரம், யார் வீட்டில் புடவை வந்திருக்கிறது... இவைதான் அதில் வரும். போன ஆடி மாதத்தில் ஒருநாள் மத்தியானம், சமையல்கட்டை ஒழித்துவிட்டு உட்கார்ந்தபோது ஒரு வீடியோ வந்தது. போட்டது எதிர் வீட்டு அக்கா. 'இந்தப் பாவியைப் பிடிக்கும் வரை எல்லோருக்கும் அனுப்புங்கள்' என்று கீழே எழுதியிருந்தது.

திறந்தேன். பத்து விநாடிக்கு மேல் பார்க்க முடியவில்லை. அதில் இருந்த குழந்தைக்கு ஆறு வயதுக்கு மேல் இருக்காது. அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. கை கால் எல்லாம் நடுங்கிவிட்டது. அந்த ஆத்திரத்தில் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் குடும்ப குரூப்புக்கும், என் மகள் வகுப்பு அம்மாக்கள் குரூப்புக்கும் அதை அப்படியே அனுப்பிவிட்டேன். ஏதோ புண்ணியம் கட்டிக்கொண்ட மாதிரி மனசுக்குத் திருப்தியாகக் கூட இருந்தது.

சாயங்காலம் என் தம்பி மனைவியிடமிருந்து போன். அவள் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். எப்போதும் 'நல்லா இருக்கீங்களா அண்ணி' என்று ஆரம்பிப்பவள், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, 'அண்ணி, முதல்ல அதை எல்லா இடத்திலிருந்தும் எடுங்க' என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? அந்தக் குழந்தைக்கு நியாயம் கிடைக்கணும்னு தானே அனுப்பினேன்?' என்றேன்.

'அது நம்ம பாப்பாவா இருந்தா, எத்தனை பேர் பார்த்தா நியாயம் கிடைக்கும்னு நினைப்பீங்க அண்ணி?'

எனக்குப் பேச்சே வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே வந்து, சட்டம் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2012ல் வந்த போக்சோ சட்டம் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். குழந்தையைத் தொட்டுத் தொந்தரவு செய்தால் மட்டும்தான் அந்தச் சட்டம் என்று நான் நினைத்திருந்தேன். படம், வீடியோ கூட அதில் வருகிறது. 18 வயது முடியாத யாராக இருந்தாலும் சட்டத்துக்குக் குழந்தைதான். ஆணானாலும் பெண்ணானாலும் ஒன்றுதான். பதினேழு வயதுப் பெண் தானே சம்மதித்து எடுத்துக்கொடுத்த படம் என்றாலும், அந்தச் சம்மதம் செல்லாது. 2019ல் சட்டத்தைத் திருத்தியபோது, எது இப்படிப்பட்ட படம் என்பதையும் விளக்கமாகச் சேர்த்தார்கள். போட்டோ, வீடியோ மட்டும் இல்லை. நிஜக் குழந்தை போலவே கம்ப்யூட்டரில் உருவாக்கிய படமும், மாற்றி ஒட்டி குழந்தை போலக் காட்டும் படமும் அதில் அடக்கம். வயசுப்பெண்கள் முகத்தை வெட்டி ஒட்டி மிரட்டுகிற இந்தக் காலத்தில், இந்த விஷயம் ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தையை வைத்து இப்படிப் படம் எடுப்பவனுக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை. பரப்புவதற்காக வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். வியாபாரத்துக்கு வைத்திருந்தால் தண்டனை இன்னும் அதிகம். இது போதாதென்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67பி என்று ஒரு பிரிவு. 2009ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்த மாதிரிப் படத்தை வெளியிடுவது, அனுப்புவது மட்டுமல்ல, தேடுவது, டவுன்லோடு செய்வது கூடக் குற்றம். முதல் தடவை 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்!

'அனுப்புவது' என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 'நல்ல எண்ணத்தில் அனுப்பினேன் என்றால் விட்டுவிடுவார்களா?' என்று கேட்டேன். போலீசிடம் புகார் சொல்வதற்காக வைத்திருப்பது வேறு, கோர்ட்டில் சாட்சியமாக வைப்பது வேறு. குரூப் குரூப்பாக அனுப்புவதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை என்று சொல்லிவிட்டாள்.

இதில் நம் சென்னை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கும் இருக்கிறது. ஓர் இளைஞர் போனில் இந்த மாதிரி வீடியோ இருந்ததாக வழக்கு. தனியாக வைத்துப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. குழந்தைகளுக்காகப் பாடுபடும் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 செப்டம்பர் 23ம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா இருவரும் அந்த உத்தரவு தவறு என்று தள்ளிவிட்டார்கள். அழிக்காமலும், புகார் சொல்லாமலும் போனில் வைத்திருந்தால், பரப்பும் எண்ணம் இருந்ததா என்பதைச் சூழ்நிலையை வைத்தே கணிக்கலாம் என்றார்கள். தெரியாமல் ஒரு லிங்க்கைத் திறந்துவிட்டால், மூடினால் மட்டும் போதாது. புகாரும் சொல்ல வேண்டுமாம்.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விஷயம்தான் என் மனதில் தங்கிவிட்டது. இதை 'குழந்தை ஆபாசப் படம்' என்று இனி எந்தக் கோர்ட்டும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபாசப் படம் என்றால் சம்மதித்து நடித்த மாதிரி ஆகிவிடுகிறதே! குழந்தை மீது நடந்த பாலியல் கொடுமையின் பதிவு என்றுதான் சொல்ல வேண்டுமாம். நான் அனுப்பியதும் படம் இல்லை. நடந்த ஒரு கொடுமையை!

'அப்ப, குழந்தை குளிக்கிற போட்டோ ஆல்பத்துல இருக்கே, அதுவும் தப்பா?' என்று என் மாமியார் நடுவில் கேட்டார். ஆல்பத்தில் இருப்பதற்கு ஒன்றும் இல்லை, அதை ஸ்டேட்டஸில் போடாதீர்கள் என்றாள் தம்பி மனைவி. மாமியார் அன்றைக்கே என் நாத்தனாருக்குப் போன் போட்டு, பேரன் போட்டோவை எடுக்கச் சொல்லிவிட்டார்.

சரி, பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தம்பி மனைவி போன் செய்த அன்று ராத்திரியே, மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் அவள் சொல்லச் சொல்ல என் கணவர் புகார் பதிவு செய்தார். குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலே கொடுக்க அதில் வழி இருக்கிறது. எதன் மூலமாக வந்தது என்ற விவரம் கேட்கிறார்கள். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லலாம். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098க்குப் போன் செய்யலாம். இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், அதற்கே 6 மாதம் வரை சிறை உண்டாம்.

'நம்ம மேலயே கேஸ் வந்துட்டா?' என்று என் கணவர் தயங்கினார். நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது, நாம் அனுப்பியதையும் மறைக்காமல் எழுதுங்கள் என்றாள். அப்படியே எழுதி, பெயரையும் போட்டோம். புகார் எண் வந்தது. அதற்குப் பிறகு தான் என் போனில் இருந்ததை அழித்தேன்.

குடும்ப குரூப்பில் அனுப்பியதை நீக்கிவிட்டேன். பள்ளி அம்மாக்கள் குரூப்பிலும் நீக்கினேன். ஆனால், அதற்குள் மூன்று பேர் வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்டு, எடுக்கச் சொன்னேன். இரண்டு பேர் உடனே எடுத்தார்கள். மூன்றாமவர், 'ஊர் முழுக்க சுத்துது, நான் எடுத்தா மட்டும் நின்னுடுமா?' என்றார்.

எதிர் வீட்டு அக்காவிடமும் நேரில் போய்ச் சொன்னேன். 'நல்லதுக்குப் போட்டவளைக் குத்தவாளி ஆக்கறியா?' என்று அழுதுவிட்டார். அவர் அழுததில் தப்பில்லை. நானும் அன்று மத்தியானம் அவர் மாதிரிதானே இருந்தேன். வீடியோவை மட்டும் எடுத்துவிட்டார். ஆனால், இன்று வரை என்னோடு பேசுவதில்லை. இந்த மாதச் சீட்டுப் பணத்தைக் கூட மகனிடம் கொடுத்தனுப்பினார்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி