முக்குருத்திச் சிகரமும் நம் பக்கத்து மழையும்

ஆடி மாதத்தில் அவலாஞ்சியில் அடைமழை என்று செய்தி வரும்போதெல்லாம், "ஒரே மலையில் இருந்தும் நமக்கு ஏன் தூறலோடு நின்றுவிடுகிறது?" என்று அருவங்காட்டு அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். விடையை மேற்கே முக்குருத்திச் சிகரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நீலகிரிப் பீடபூமியின் மேற்கு விளிம்பில், சமுத்திர மட்டத்துக்கு மேல் 2,554 மீட்டர் உயரத்தில் நிற்பது முக்குருத்தி. இறந்தோரின் ஆவி இங்கிருந்தே மறுவுலகம் புகும் என்பது தோதவர் நம்பிக்கை. சிகரத்துக்கு அப்பால் மலை செங்குத்தாகச் சரிந்து கேரளக் காடுகளில் இறங்குகிறது. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இச்சுவரில் மோதி மேலெழுகிறது. எழ எழக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று தன் ஈரத்தைத் தாங்கமாட்டாமல் மழையாகக் கொட்டிவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. இவ்வளவையும் அங்கே இறக்கிவிட்டுக் கிழக்கே வரும் காற்றில் மிஞ்சுவது சொற்பமே. அதையும் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாத் தொடர் மறித்துக்கொள்கிறது. நாம் இருப்பதோ அத்தொடருக்கு இப்பால்.

ஐப்பசியில் காற்று திசை மாறுகிறது. வங்கக்கடலிலிருந்து வரும் காற்றுக்கும் அதே தொட்டபெட்டாதான் தடுப்புச் சுவர். ஆனால் இம்முறை அடிபடுவது நம் பக்கம். 2009 நவம்பரில் நமக்கு அண்டையிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் பெய்ததும் 80 செ.மீ.க்கு மேல்தான். அம்மழையில் மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே, ஆடி காய்ந்ததே என்று வடிகால் வேலையைத் தள்ளிப்போடுவது இப்பக்கத்தில் ஆபத்தானது. காரட், உருளைக்கிழங்குப் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைப்பதும், ஓடைகளில் தூர்ந்த மண்ணை அள்ளுவதும் புரட்டாசிக்குள் முடிந்தாக வேண்டும். மார்கழி, தை உறைபனி வேறு விஷயம். காற்றசைவற்ற தெளிந்த இரவில் கனத்த குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்குவதால், மேட்டுத் தேயிலை தப்பிக்கப் பள்ளத்துத் தேயிலை கருகும்.

இம்மழைக் கணக்கு சமவெளி நெசவாளருக்கும் புறம்பானதன்று. முக்குருத்தியில் பிறக்கும் பைக்காரா ஆறு மோயாறாக இறங்குகிறது. குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் மேட்டுப்பாளையத்தருகே பவானியில் விழுகின்றன. இரண்டும் 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையில் கூடுகின்றன. ஆடியில் மேற்கு மழையும் ஐப்பசியில் கிழக்கு மழையுமாக அந்த அணைக்கு இருமுறை நீர்வரத்து உண்டு. அங்கிருந்து புறப்படும் ஆறு, ஜமக்காளம் நெய்யும் பவானியில் காவிரியோடு சேர்கிறது.