நகரும் பிறந்தநாள்

மனைவிக்குத் தெரியாமல் அவள் பிறந்தநாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் கணவனுக்கு முதல் தடை, பிறந்தநாளேதான். அது என்றைக்கு வருகிறது என்பது அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் தடைகள் இன்னும் அதிகம். கேக்கை உள்ளூரில் சொன்னால் பொழுது சாய்வதற்குள் சேதி வீடு போய்ச் சேரும். சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் பொன்னேரிக்குப் போய் வாங்கினாலும், திரும்பும் பேருந்தில் மடியில் அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பவரை "என்னாண்ணே, வீட்ல விசேஷமா?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். பணத்தை ஒதுக்குவதும் லேசல்ல. மீன் பிடிப்பது ஆண்கள் என்றால், கூடையில் எடுத்துப்போய் விற்றுக் காசாக்குவதில் பெண்களின் பங்கு பெரிது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கு அவள் விரல் நுனியில்.

ஆனாலும் அந்த வீட்டுச் சுவரிலேயே ஒரு ரகசியப் பிறந்தநாள் தொங்கிக்கொண்டிருக்கிறது, தினசரி காலண்டரில். காலையில் அந்தத் தாளைக் கிழிப்பவளும் பெரும்பாலும் அவள்தான் என்பதுதான் வேடிக்கை.

அதற்கு முன் ஒரு கேள்வி. எதிர்பாராமல் வருவது ஏன் இவ்வளவு இனிக்கிறது? சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் வாயில் சில சொட்டுப் பழச்சாறு விட்டு, அவற்றின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். டோபமைன் என்பது நரம்பணுவுக்கு நரம்பணு சேதி கொண்டுபோகும் ஒரு வேதிப்பொருள். சாறு திடீரென்று வந்தபோது அணுக்கள் படபடவென்று துடித்தன. பிறகு, ஒரு விளக்கு எரிந்தால் சற்று நேரத்தில் சாறு வரும் என்று குரங்கைப் பழக்கினார். பழகியதும் துடிப்பு விளக்குக்கு மாறிக்கொண்டது; சாறு வந்தபோது அணுக்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டாலோ, வழக்கமாக இருக்கும் துடிப்பும் அந்தக் கணத்தில் அடங்கியது.

1997இல் அவரும் பீட்டர் தயான், ரீட் மாண்டேக் ஆகியோரும் சேர்ந்து இதற்கு விளக்கம் எழுதினார்கள். அந்த அணுக்கள் பரிசை எண்ணுவதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை எண்ணுகின்றன. அந்த வித்தியாசத்துக்கு 'எதிர்பார்ப்புப் பிழை' என்று பெயர். வருடா வருடம் இரவு 12 மணிக்குக் கேக் வெட்டும் வீட்டில் இந்தப் பிழை மெல்லத் தேய்ந்து சுழியை நெருங்கிவிடும். ஒரு வருடம் மறந்துபோனாலோ, சுழிக்கும் கீழே. (கீழே என்றால் எவ்வளவு கீழே என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.)

ஆக, கணவனுக்கு வேண்டியது உண்மையான பிறந்தநாளாகவும் இருக்க வேண்டும், அவள் எதிர்பார்க்காத நாளாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தும் நாளை நிலா ஏற்கெனவே குறித்துவைத்திருக்கிறது. அதுதான் நட்சத்திரப் பிறந்தநாள்: பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரம் வரும் நாள்.

கற்பனைக்கு ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் 26 மாலையில், இந்தக் கரையில் பிறந்தவள். அன்று காலையில்தான் சுனாமி. டிசம்பர் 26 வந்தால் கடலோரத்து ஊர்களில் கடலில் பால் ஊற்றி, பூத்தூவி, போனவர்களை நினைத்து அழுவார்கள். அந்தத் தேதியில் கேக் வெட்ட எந்தக் கணவனுக்கும் கை வராது. "மார்கழித் திருவாதிரை, நிறைஞ்ச பௌர்ணமி" என்று அவள் அம்மா சொல்வதைக் கேட்டால் போதும், வழி திறந்துவிடும்.

தினசரி காலண்டரின் ஒரு தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி. பக்கத்தில் தமிழ்த் தேதி. கீழே, பொடி எழுத்தில், ராகுகாலத்துக்கும் சந்திராஷ்டமத்துக்கும் இடையே ஒரு நட்சத்திரப் பெயரும் அது எத்தனை மணி வரை என்பதும் இருக்கும். நிலா செல்லும் வான்பாதையை 27 பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நிலா அந்தப் பாதையை ஒருமுறை சுற்றி வர 27.3 நாள். அதாவது ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள். ஆனால் நிலாவின் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. பூமிக்கு அருகே வரும்போது விரைகிறது, விலகும்போது நிதானிக்கிறது. அதனால் ஒரு நட்சத்திரம் சில சமயம் 21 மணி நேரத்தில் முடிந்துவிடும், சில சமயம் 27 மணி வரை இழுக்கும். அந்தப் பொடி எழுத்து நேரம் தினமும் மாறுவது இதனால்தான்.

இனி கணக்கு. நிலா 13 முறை சுற்றி முடிக்க 355 நாள் ஆகிறது. வருடத்துக்கு அது பத்து நாள் குறைவு. எனவே நட்சத்திரப் பிறந்தநாள் வருடத்துக்குப் பத்து நாள் முன்னால் நகரும். அப்படி நகர்ந்து மார்கழியைத் தாண்டி வெளியே விழப்போகும்போது, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து 17 நாள் பின்னால் தாவும். மார்கழித் திருவாதிரை கோயில்களில் ஆருத்ரா தரிசனம் என்பதால் சரிபார்ப்பது சுலபம்: 2020 ஜனவரி 10, அதே 2020 டிசம்பர் 30, 2021 டிசம்பர் 20. அங்கிருந்து ஒரே தாவல், 2023 ஜனவரி 6. பிறகு 2023 டிசம்பர் 27. மறுபடி தாவல், 2025 ஜனவரி 13. அப்புறம் 2026 ஜனவரி 3. நம் பெண்ணுக்கு 2020இல் இரண்டு பிறந்தநாள். 2022இல் ஒன்றுகூட இல்லை!

இன்னொரு விளையாட்டும் உண்டு. தமிழ் மாதம் 29 முதல் 32 நாள் வரை இருக்கும். நிலாவின் சுற்று அதைவிடக் குறைவு. அதனால் ஒரே நட்சத்திரம் ஒரு மாதத்தின் தொடக்கத்திலும் முடிவிலுமாக இரண்டு முறை வந்துவிடலாம். 2024 மார்கழி முதல் தேதியே திருவாதிரை. மாதக் கடைசியில் போகியன்று, அதாவது 2025 ஜனவரி 13 அன்று, மறுபடி திருவாதிரை. இப்படி வந்தால் பெரும்பாலும் இரண்டாவதைக் கொள்வது வழக்கம். முதலாவதை நினைத்து ஏமாந்தவளுக்கு இரண்டாவது வரும் என்று தெரியாமல் இருந்தால் கணவன் பாடு கொண்டாட்டம்தான்.

இதுவரை தேதி. நட்சத்திரமும் தமிழ் மாதமும் சேர்ந்தால் இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது: அன்றைய நிலாவின் வடிவம். தமிழ் மாதம் என்பது சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்ற தகவல். மார்கழியில் சூரியன் தனுசில். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் மிதுனம். திருவாதிரை இருப்பது அங்கே. சூரியனுக்கு எதிரே நிலா நின்றால் பௌர்ணமி. எனவே மார்கழித் திருவாதிரை எந்த வருடம் வந்தாலும் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பின்னாகத்தான் இருக்கும். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம் எல்லாம் நிலா வெளிச்சத்தில் வருவதற்கும் இதுவே காரணம். அதே திருவாதிரை ஆடியில் என்றால், வானத்தில் இருப்பது தேய்பிறைக் கீற்று.

நகரத்துக் கணவனுக்கு இது ஒரு சுவையான தகவல், அவ்வளவே. பழவேற்காட்டுக் கணவனுக்கு அப்படி இல்லை. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடலின் ஏற்றமும் இறக்கமும் மிகுதி. சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. கடலோடு இதைச் சேர்ப்பது முகத்துவாரம். மழைக்காலத்து ஆற்றுவெள்ளம் அதன் மணலை அறுத்துத் திறந்துவிட்ட மார்கழியில், பௌர்ணமியை ஒட்டி நீர் வேகமாக ஏறும், வேகமாக வடியும். இறாலும் மீனும் அந்த ஓட்டத்தோடு போய்வரும். வலைக்கு நல்ல நேரம் அதுதான். நல்ல இடங்களில் வலை கட்டும் உரிமையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அன்று இவன் முறை என்றால், பிறந்தநாள் இரவு முழுக்க ஏரியில்தான்.

திட்டம் கெட்டதா? இல்லை. பஞ்சாங்கக் கணக்கில் நாள் நள்ளிரவில் பிறப்பதில்லை, சூரிய உதயத்தில் பிறக்கிறது. இரவு 12 மணிக்குக் கேக் வெட்டுபவர்கள், அந்தக் கணக்கின்படி, முந்தைய நாளிலேயே கொண்டாடிவிடுகிறார்கள். வலையை வளைத்துவிட்டு விடியலில் கரை சேர்பவன்தான் சரியான நேரத்துக்கு வருகிறான். எப்போதும்போல மீன் வாங்கக் வந்து நிற்பவளின் கூடையில் வேறொன்றை வைக்க அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. அவள் மூளை அந்த நேரத்தில் கணித்துவைத்திருப்பது இறாலின் எடையை மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. நகர்ந்துகொண்டே இருக்கும் இந்த நாள் ஆங்கிலத் தேதியை எப்போதாவது பிடிக்குமா? பிடிக்கும், 19 வருடத்துக்கு ஒருமுறை. கோயில் பிராகாரத்தில் பாட்டி நிதானமாக நடக்க, பேரன் ஓடி ஓடிச் சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் பாட்டி, நிலா பேரன். பாட்டி 19 சுற்று முடிக்கும்போது பேரன் 254 சுற்று முடித்துவிடுகிறான். இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். 6,940 நாள் ஓட்டத்தில் பிசகுவது இரண்டு மூன்று மணி நேரம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸில் இதை அறிவித்த மெட்டன் என்பவரின் பெயரால் இது மெட்டன் சுழற்சி எனப்படுகிறது.

சுனாமி நாள் பௌர்ணமி. சரியாக 19 வருடம் கழித்து, 2023 டிசம்பர் 27 விடியலில் பௌர்ணமி, அன்றே திருவாதிரை. ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். தேதி, திதி, நட்சத்திரம் மூன்றும் இப்படி ஒட்டி வருவது அவளுடைய 38ஆம் வயதில், 2042 டிசம்பரில் மறுபடி நடக்கும், அதன்பின் 57இல். அறுபது முடிந்தால் மணிவிழா என்று பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டுகிறோம். அதற்கு நிலாவின் கணக்கு சில நாள் பிசகும். நிலா ஒத்துழைக்கும் 57ஐ யாரும் கண்டுகொள்வதில்லை. கணவன்மார்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம்.