பதவி துறந்த தொண்டர்

பொது ஊழியத்தில் புகுவோர் பலர். புகுந்தபின் காலமறிந்து விலகுவோர் மிகச் சிலர். ஒரு சங்கத்தை ஸ்தாபித்தவர் அதைத் தமது சொந்தச் சொத்தாகவே பாவித்து, ஆயுள் உள்ளளவும் ஆசனத்தை விட்டிறங்காதிருப்பது நமது தேசத்தில் சகஜமாகிவிட்டது. பிறகு அவ்வாசனம் புத்திரருக்கோ மருமகருக்கோ போய்ச் சேருகிறது. இந்நிலையில், தாம் ஸ்தாபித்த ‘சேவா’ என்னும் சுயதொழில் மாதர் சங்கத்தின் பொதுக் காரியதரிசிப் பதவியினின்றும் 1996-ஆம் வருஷத்தில் விலகிக்கொண்ட ஸ்ரீமதி இலா பட் அம்மையாரின் சரித்திரம் நாம் ஊன்றி நோக்கத்தக்கதாகும்.

1933-இல் ஆமதாபாத்தில் பிறந்த அம்மையார், 1954-இல் சட்டப் பரீட்சையில் தேறினார். மறுவருஷமே அந்நகரின் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தில் சட்டப் பகுதி ஊழியரானார். 1918-இல் மகாத்மா காந்தி நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாக 1920-இல் உதித்த சங்கம் அது. ஆனால் அச்சங்கத்தின் நிழல் ஆலைக்குள் வேலை செய்வோர்மீது மட்டுமே விழுந்தது. ஆலைக்கு வெளியே துணிமூட்டை சுமந்தும், வண்டியிழுத்தும், பழந்துணி விற்றும், பீடி சுற்றியும் குடும்பத்தைக் காத்த மாதர்களை யார் தொழிலாளர் என்று மதித்தார்கள்?

மூட்டை சுமக்கும் ஸ்திரீகளுக்கு நேரும் கூலி மோசத்தை அம்மையார் 1971-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். ஜவுளி வியாபாரிகள் கோபங்கொண்டு, தாங்கள் நியாயமான கூலியே கொடுத்து வருவதாக மறுப்பு வெளியிட்டனர். அம்மையார் வாதாடவில்லை. அவர்கள் கொடுப்பதாகச் சொன்ன கூலி விகிதங்களையே அட்டைகளில் அச்சிட்டு, சுமைகூலி மாதரின் கையில் கொடுத்துவிட்டார். வியாபாரிகளின் வாக்கே அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று!

1972-இல் ‘சேவா’வைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யச் சென்றபோது சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஓர் ஆட்சேபம் கிளப்பினர். இம்மாதருக்கு முதலாளி என்று ஒருவன் இல்லை. முதலாளி இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம் என்பதே அவர்கள் கேள்வி. சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பழகிய நமக்கு இவ்வாதம் புதிதன்று. சட்டத்தின் சொல் ஏழையின் வாழ்வுக்கு ஒவ்வாதபோது, ஏழையின் வாழ்வையே இல்லையென்று சாதிப்பது உத்தியோக வர்க்கத்தின் பழைய வழக்கம். சங்கம் என்பது எதிர்ப்பதற்கு மட்டுமன்று, தொழிலாளர் ஒற்றுமைப்படுவதற்கும் உரியதே என்று அம்மையார் விடாது வாதித்தார். சங்கம் பதிவாயிற்று.

அடுத்த இடையூறு கடன். வட்டிக்காரனிடம் சிக்கிய மாதரை ஸ்தாபனமான வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகவே 1974-இல் நாலாயிரம் மாதர் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கெடுத்துத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினர். எழுத்தறியாதார் வங்கி நடத்துவதாவது என்று நகைத்தவர் உண்டு. அம்மாதரோ இரவெல்லாம் விழித்திருந்து தம் பெயரைக் கையெழுத்திடக் கற்றுக்கொண்டு வந்து பத்திரத்தில் ஒப்பமிட்டனர். நாட்டுப்பற்றைப் பற்றி நாம் செய்யும் பிரசங்கங்கள் அனைத்தும் அந்த ஓர் இரவுக்கு ஈடாகுமா?

இவ்வூழியம் இலகுவாக நடந்ததன்று. 1981-இல் இடஒதுக்கீட்டை எதிர்த்து குஜராத்தில் கலகம் மூண்டபோது, அம்மையார் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் பக்கம் நின்று பகிரங்கமாகப் பேசினார். அதன் பலனாகத் தாய்ச் சங்கத்தினின்றும் அவரும் ‘சேவா’வும் வெளியேற்றப்பட்டனர். பின்னர் ஆமதாபாத் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட காலத்தில், வேலையிழந்த ஆடவரின் அடுப்பு அணையாமல் காத்தது பெரும்பாலும் இம்மாதரின் கூலியே.

இவ்வளவும் செய்தவர், சங்கம் செழித்திருந்த சமயத்திலேயே பொறுப்பைப் பிறரிடம் ஒப்புவித்தார். அதே 1996-இல் வீட்டிலிருந்து வேலை செய்வோரைக் காக்கும் உடன்படிக்கை சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தில் நிறைவேறிற்று. அதற்காக உழைத்தவற்றுள் ‘சேவா’ முதன்மையானது. நமது இந்திய சர்க்கார் அதை இன்னும் ஊர்ஜிதம் செய்யவில்லை என்பதை வெட்கத்துடன் சொல்லவேண்டியிருக்கிறது. 2022 நவம்பரில் அம்மையார் காலஞ்சென்றபோது சங்கத்தின் அங்கத்தினர் தொகை இருபது லக்ஷத்தைத் தாண்டியிருந்தது. ஸ்தாபகர் விலகியும் சங்கம் தளரவில்லை, வளர்ந்தது.

நேயர்களே! இத்தகையோரைப் பாராட்டும் வழி மாலையும் மேடையும் அன்று. தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு நகரத்தின் விற்பனைக் குழுவிலும் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளும், அவர்களுள் மூன்றிலொரு பங்கு ஸ்திரீகளும் இருக்கவேண்டுமென்பது அதன் விதி. உங்கள் ஊரில் அக்குழு கூடுகிறதா? கூடினால் கூடைக்காரி அங்கே வாய் திறக்கிறாளா? இதை விசாரியுங்கள். ஊழியம் செய்வோர் ஒவ்வொருவரும், “நான் நாளை விலகினால் இந்த ஏழைகள் தாமே நிற்பார்களா?” என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. ஆம் என்று விடை கூறக்கூடியவரே உண்மைத் தொண்டர்.