நாடி குறுகினால் தசை வாடுமா?

உடலெங்கும் குருதியை அனுப்பும் உறுப்பு இருதயம் என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆயின் தன் அறைகளில் நிறைந்து ஓடும் குருதியிலிருந்து இருதயத் தசை தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெறுவதில்லை. அதற்கெனத் தனியே குருதி கொணர்பவை முடியுரு நாடிகள். அவற்றின் சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுமாயின் தசைக்குக் குருதி குறையலாம்.

குறைந்தால் விளைவது யாது? 1935ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளராகிய தெனன்ற், விகேர்ஸ் என்னும் இருவர் நாய்களின் முடியுரு நாடியொன்றை அடைத்து நோக்கினர். சிறிது நேரத்துக்குள் அப்பகுதித் தசை சுருங்கும் வலிமையை இழந்தது. ஏனைய பகுதிகள் சுருங்கியபோது அது மட்டும் வெளியே புடைத்தது.

நாடி குறுகியிருப்பதைக் காட்ட இன்று சி. ரி. ஸ்கான் உண்டு. பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கணினியின் உதவியால் உடலின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அமைப்பது அக்கருவி. கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய இக்கருவி 1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. மூளை அசையாது, இருதயமோ ஓயாது துடிப்பது. ஆதலால் விரைந்து படமெடுக்கும் கருவிகள் தோன்றி, துடிப்பைக் காட்டும் மின்வரைவோடு அவை இணைக்கப்பட்ட பின்னரே இருதயம் தெளிவாகப் புலப்பட்டது.

எனினும் நாடி குறுகியிருப்பது வேறு; தசை குருதியின்றி வாடுவது வேறு. 1974இல் லான்ஸ் கூல்ட் என்னும் அமெரிக்க வைத்தியர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. நாடியின் விட்டம் ஏறத்தாழ 85 வீதம் குறுகும் வரை, ஓய்வுநிலைக் குருதியோட்டம் குறையவில்லை. மிகுந்த ஓட்டம் வேண்டப்பட்டபோதோ, பாதியளவு குறுகிய நிலையிலேயே குறைபாடு தோன்றியது. ஒரு வயலுக்கு மட்டும் நீர் பாய்கையில் தூர்ந்த வாய்க்காலும் போதும். எல்லா வயல்களும் ஒருங்கே நீர் வேண்டும்போதே அதன் குறை வெளிப்படும்.

ஆகவே வைத்தியர்கள் இருமுறை படமெடுக்கின்றனர். அடினோசின் போன்ற மருந்தினால் குருதியோட்டத்தைப் பெருக்கி ஒருமுறையும், ஓய்வில் ஒருமுறையும் எடுப்பர். அயடீன் கலந்த மருந்து குருதியிற் செலுத்தப்படுவதால் குருதி நிறைந்த தசை ஒளிர்ந்தும், குருதி குன்றிய தசை இருண்டும் தோன்றும். மருந்தின்போது மட்டும் இருளும் பகுதி உயிருள்ளது, ஆனால் குருதிக்கு ஏங்குவது. இருநிலையிலும் இருண்டிருப்பது பெரும்பாலும் முன்னைய மாரடைப்பின் தழும்பு. துடிப்பு முழுவதையும் தொடர்ந்து எடுத்தால், சுவர் எவ்விடத்தில் தளர்ந்து அசைகின்றது என்பதும், இடது இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு குருதியை வெளியேற்றுகின்றது என்பதும் விளங்கும்.

இப்பரிசோதனைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆஸ்துமா உடையோருக்கு அடினோசின் தீங்கு செய்யலாம். தேநீரும் கோப்பியும் அதன் வினையைத் தடுப்பதால் முன்னரே விலக்கப்படும். சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு அயடீன் மருந்து பற்றி விசேட கவனம் வேண்டும். இருமுறை எடுப்பதால் கதிர்ப்பாதிப்பும் கூடும்.

இவ்வளவு முயற்சி எதற்கெனின், நாடியை விரிக்கும் சிகிச்சையோ மாற்றுவழிச் சத்திரசிகிச்சையோ எவருக்குப் பயன்தரும் என முன்னரே ஆராய்தற்காகும். குறுகிய நாடி ஒவ்வொன்றும் கத்தியை வேண்டுவதில்லை. தசை வாடுகின்றதா என்பதை அறிந்து, நோயாளியின் குறிகளோடு ஒப்பிட்டு முடிவு செய்தலே நன்று.