உங்களுக்குத் தெரியுமா? 30 நொடி, 9 எழுத்து, 14 வயசு!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ சொல்லிவிட்டு இதைப் படிக்கிறீர்களா? டீ ஆறிப்போனால் நான் பொறுப்பில்லை!

பிரிட்டனில் ஒரு டி.வி. போட்டி. பெயர் 'கவுன்ட்டவுன்'. கண்ட மேனிக்கு 9 எழுத்துகளை எடுத்து வைப்பார்கள். அதிலிருந்து எவ்வளவு நீளமான சொல்லைக் கோக்கிறீர்களோ அவ்வளவு புள்ளி. அவகாசம் 30 நொடி. தும்மினால் போச்சு!

1982 நவம்பர் 2. 'சேனல் 4' என்ற புது டி.வி. பிறந்த நாள். அந்தச் சேனலில் முதன்முதலாக ஓடிய நிகழ்ச்சியே இதுதான். இன்னமும் ஓடுகிறது!

2014 செப்டம்பர் 5 அன்று எத்தனையாவது நிகழ்ச்சி தெரியுமா? 6,000! கையோடு கின்னஸ் சான்றிதழும் வந்துவிட்டது!

சரி, நம் கதாநாயகனுக்கு வருவோம். கானர் டிராவர்ஸ். வட அயர்லாந்துப் பையன். 2006இல் கவுன்ட்டவுன் தொடரின் சாம்பியன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனான். அப்போது வயசு 14! அதுவரை அவ்வளவு சின்ன வயதில் யாருமே அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை!

கதை அதோடு முடியவில்லை. நிகழ்ச்சிக்கு 30 வயது ஆனதைக் கொண்டாட, பழைய ஜாம்பவான்களை எல்லாம் கூப்பிட்டு மோதவிட்டார்கள். 2013இல் அந்தக் கோப்பையைத் தூக்கியவர் யார்? அதே கானர்தான்!

தொடர்ந்து 8 பேரைத் தோற்கடித்தால் கவுன்ட்டவுனில் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்! 'போதும் ராசா, அடுத்தவனுக்கும் வழி விடு' என்று அர்த்தம். தொடரின் கடைசியில் இறுதிச் சுற்றுகளுக்குக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு மெனக்கெட்டு ஜெயித்தால் கோடி ரூபாயா? காரா? ஒரு டீ கெட்டில்! சத்தியமாகத்தான் சொல்கிறேன். கடிகாரப் படம் போட்ட டீ கெட்டில். அதை வாங்கத்தான் ஊரே அடித்துக்கொள்கிறது!

தொடர் சாம்பியன்களுக்குக் கொடுத்த பெரிய பரிசு என்ன? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 20 தொகுதி! தூக்கிக்கொண்டு போக ஆட்டோ வேண்டும்.

எழுத்தோடு விட்டார்களா? எண்ணும் உண்டு. 6 எண்களைக் கொடுத்து, மூன்று இலக்கத்தில் ஓர் இலக்கைச் சொல்வார்கள். கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். ஓர் எண்ணை ஒரு தடவைதான் தொடலாம். இதற்கும் 30 நொடிதான்!

1997இல் நடந்ததைக் கேளுங்கள். எண்கள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. ஜேம்ஸ் மார்ட்டின் என்ற போட்டியாளர் வாயைத் திறந்தார். 100ஓடு 6ஐக் கூட்டு, 106. 3ஆல் பெருக்கு, 318. 75ஆல் பெருக்கு... அரங்கமே வாயைப் பிளந்தது. 23,850! அதில் 50 போக 23,800. 25ஆல் வகுத்தால்? 952! ஒரு எண்கூட மிச்சமில்லை!

நானும் ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கு நின்றேன். இன்னொரு வழி மாட்டியது. 100ஓடு 3, அதை 6ஆல் பெருக்கி, 75ஆல் பெருக்கி, 50ஆல் வகுத்து, 25ஐக் கூட்டுங்கள். அதே 952! எனக்கு ஆன நேரம் 30 நொடி என்று நினைத்துக்கொள்ளுங்களேன்!

நம் பெங்களூரு சகுந்தலா தேவி 1980 ஜூன் 18 அன்று லண்டனில் 13 இலக்க எண்ணை இன்னொரு 13 இலக்க எண்ணால் மனசுக்குள்ளேயே பெருக்கினார். ஆன நேரம் 28 நொடி. கவுன்ட்டவுன் கடிகாரம் நிற்பதற்குள் முடித்துவிட்டு 2 நொடி சும்மா உட்கார்ந்திருக்கலாம்!

கவுன்ட்டவுன் வெள்ளைக்காரன் சொந்தச் சரக்கு என்று நினைத்தீர்களா? பிரெஞ்சுக்காரனிடம் வாங்கியது! பிரான்சில் இந்த விளையாட்டு 1965லேயே வந்துவிட்டது. முதலில் எழுத்து மட்டும். 1972இல் எண்ணும் சேர்ந்தது. 2024 வரை ஓடியது. கணக்குப் போட்டால் 59 வருஷம்! பாண்டிச்சேரிப் பக்கத்துக்காரர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்!

இப்போது நாம் காலரைத் தூக்க ஒரு சேதி. கவுன்ட்டவுனில் 9 எழுத்தையும் பயன்படுத்திச் சொல் சொன்னால் இரட்டிப்பு மதிப்பெண், 18. மரக்காணம் கடற்கரையில் கிடக்கும் நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. அதை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். சரியாக 9 எழுத்து! முழுசாக 18 புள்ளி!

மிளகுத்தண்ணியும் போனது. 'மல்லிகட்டானி' ஆனது. ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் 12 எழுத்து. கவுன்ட்டவுன் மேசையில் இடம் பத்தாது. ரசம் பொங்கி வழிந்துவிட்டது!

இதே போட்டியைத் தமிழில் நடத்தினால் எத்தனை அட்டை வேண்டும்? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247! நிகழ்ச்சி நடத்துகிறவர் அட்டையைக் கலைத்து முடிப்பதற்குள் விளம்பர இடைவேளை வந்துவிடும்.

ஆனால் நாம் நீளமான சொல்லைத் தேட வேண்டுமா என்ன? ஒரே எழுத்தில் சொல் சொல்வோம்! ஆ, ஈ, கை, தீ, பூ, வா, போ... நன்னூல் கணக்கில் ஓரெழுத்துச் சொற்கள் எத்தனை தெரியுமா? 42!

அமெரிக்காவுக்குப் போகலாம். அங்கே 'ஸ்பெல்லிங் பீ' என்று ஒரு திருவிழா. அகராதியில் எங்கோ மூலையில் கிடக்கும் சொல்லைச் சொல்வார்கள், எழுத்துக்கூட்ட வேண்டும். 1925இல் முதல் போட்டி. வந்திருந்தது 9 பேர்தான். ஜெயித்த பையனுக்கு வயசு 11!

1985. சாம்பியன் யார்? பாலு நடராஜன்! வயசு 13. பெயரைக் கேட்டதுமே நெஞ்சு நிமிர்கிறதல்லவா? அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்திய வம்சாவளிப் பிள்ளை அவர்தான். பின்னாளில் டாக்டர் ஆனார்!

அப்போது திறந்த கதவு அப்புறம் சாத்தவே இல்லை. 2008 முதல் 2019 வரை 12 வருஷம். ஒவ்வொரு வருஷமும் சாம்பியன் வரிசையில் ஓர் இந்திய வம்சாவளிப் பெயராவது இருந்தது!

2015இல் கோகுல் வெங்கடாசலம். வயசு 14. கடைசிச் சொல் 'நுனடாக்'. பனிப்பாளத்தைக் குத்திக்கொண்டு தலைநீட்டும் பாறைமுகடு. அர்த்தம் கேட்கலாம், எந்த மொழி என்று கேட்கலாம், வாக்கியத்தில் வைத்துச் சொல்லச் சொல்லலாம். கோகுல் ஒன்றுமே கேட்கவில்லை. கடகடவென்று எழுத்துக்கூட்டி முடித்துவிட்டார்! அந்த வருஷம் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டவர் வன்யா சிவசங்கர்.

2019இல் நடந்தது இன்னும் கூத்து. 20 சுற்று போயும் 8 பிள்ளைகள் அசையவே இல்லை. அவர்களை மடக்கும் அளவுக்கு நடத்தியவர்கள் கையில் கடினமான சொல் மிச்சமில்லை! 8 பேருமே சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். ஆளுக்கு 50,000 டாலர்! அந்த 8இல் 7 பேர் இந்திய வம்சாவளி!

2021இல் ஜைலா அவான்ட்-கார்ட் என்ற 14 வயசுப் பெண் ஜெயித்தாள். அவளுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்த சொல் எது? 'முர்ராயா'! என்ன அது என்கிறீர்களா? உங்கள் கொல்லையில் போய்ப் பாருங்கள். நம் கறிவேப்பிலையின் தாவரவியல் பெயர் 'முர்ராயா கோனிகி'. ரசத்திலிருந்து எடுத்து ஓரமாக வைக்கிறீர்களே, அதேதான்!

அந்தக் 'கோனிகி' யார்? ஜோஹான் கோனிக். 1768இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய டாக்டர். செடி கொடி பைத்தியம். அமெரிக்க மேடையில் கேட்ட சொல்லை நூல் பிடித்துப் போனால் நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை வருகிறது!

அடுத்த வருஷம், 2022. ஹரிணி லோகன், டெக்சாஸ். வயசு? மறுபடியும் 14! நடுவில் ஒரு சொல்லுக்குச் சொன்ன அர்த்தம் தப்பு என்று மணியடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். நடுவர்கள் மறுபடி கூடிப் பேசினார்கள். சொன்னது சரிதான் என்று திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தவர் பட்டத்தோடுதான் போனார்!

அதுவும் எப்படி? போட்டி வரலாற்றிலேயே முதல்முறையாக 90 நொடி மின்னல் சுற்று. ஹரிணி சரியாகச் சொன்னது 21 சொல். எதிரே நின்ற விக்ரம் ராஜு 15!

ஹரிணிக்கு வெற்றி தந்த சொல் 'மூர்ஹென்'. தமிழில் தாழைக்கோழி! ஏரி குளத்து நாணலுக்குள் சிவப்பு நெற்றியோடு ஓடி ஒளியுமே, அந்தக் கோழி. நம் மரக்காணம், வானூர் தாலுகா கழுவெளி சதுப்புநிலத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 2021 டிசம்பரில். ஹரிணி ஜெயித்தது 2022 ஜூனில். இடைவெளி 6 மாதம். நான் முடிச்சுப் போடவில்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்!

90 நொடியில் 21 பெரிசா? 2024இல் ப்ருஹத் சோமா என்ற 12 வயசுப் பையன் 30 சொல்லைச் சந்தித்தான். சரியாகச் சொன்னது 29! சராசரியாக 3 நொடிக்கு ஒன்று. நமக்கு 'வணக்கம்' சொல்லவே அவ்வளவு ஆகும்!

இந்தியாவிலும் ஒரு 14 உண்டு. 2001, கோன் பனேகா குரோர்பதி ஜூனியர். ரவி மோகன் சைனி, 15 கேள்விக்கும் பதில் சொன்னார். ஒரு கோடி! அப்புறம் மருத்துவம் படித்தார். அதற்கும் அப்புறம் ஐ.பி.எஸ். அதிகாரி ஆனார்!

கானர் 14. கோகுல் 14. ஜைலா 14. ஹரிணி 14. சைனி 14. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இனிமேல் 'டேய்' என்று கூப்பிடும் முன் யோசிக்க வேண்டும் போலிருக்கிறது.

டி.வி. வருவதற்கு முன்பு நாம் சும்மா இருந்தோமா? 1907 மார்ச் 10, சென்னை விக்டோரியா ஹால். செய்குத்தம்பிப் பாவலர் மேடை ஏறினார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்கிறார். ஒருவர் கணக்குக் கேட்கிறார். ஒருவர் மணி அடித்துக்கொண்டே இருக்கிறார், எத்தனை அடி என்று கடைசியில் சொல்ல வேண்டும். இப்படி ஒரே நேரத்தில் 100 விஷயம்! சதாவதானி என்ற பட்டம் சும்மாவா வந்தது!

திருக்கோவிலூர் போயிருக்கிறீர்களா? விழுப்புரத்திலிருந்து ஒரு பஸ். 1910 வாக்கில் ஓர் இளைஞர் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனார். டெபுடி கலெக்டர் ராமசுவாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிய ஐயர் வேலை தரவில்லை! இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் பூட்டி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. வந்தவர் பெயர் ராமானுஜன்! ஐயர் யார்? இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரே அவர்தான்!

இன்னும் கிட்டே வாருங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்றே 2 ஊர் உண்டு, தெரியுமா? ஒன்று திண்டிவனம் - மரக்காணம் சாலைப் பக்கம். இன்னொன்று சோழர் காலத்துக் கற்கோயில்களோடு எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில்!

எண்ணாயிரம்! எட்டாயிரம்! ஊர்ப் பெயரே ஓர் எண்!

முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அந்த எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி நடந்தது. கல்வெட்டில் கணக்குப் பிசகாமல் பொறித்திருக்கிறார்கள். இளநிலை மாணவர் 270. முதுநிலை 70. மொத்தம் 340! சாப்பாடு இலவசம். இளையவருக்குத் தினம் 6 நாழி நெல். மூத்தவருக்கு 1 குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. எல்லாவற்றுக்கும் எழுதி வைத்த நிலம் 45 வேலி. சுமார் 300 ஏக்கர்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்!

அதில் இலக்கணம் மட்டும் எத்தனை பேர் படித்தார்கள்? ரூபாவதாரம் என்ற இலக்கண நூலுக்கு 40 பேர். அதற்கு மேல் வியாகரணத்துக்கு 25 பேர். சொல்லைப் பிரித்து மேய 65 பேர்!

ஆசிரியர்கள் எத்தனை? சொன்னால் நம்ப மாட்டீர்கள். 14! இந்த 14 என்னை விடவே மாட்டேன் என்கிறது.

அதே எண்ணாயிரத்தில்தான் காளமேகப் புலவர் பிறந்தார் என்று ஒரு மரபு உண்டு. 'த' வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு முழுப்பாட்டு பாடியவர்! முக்கால், அரை, கால், அரைக்கால் என்று பின்னங்களை எல்லாம் சிலேடையாக ஒரே வெண்பாவுக்குள் இறக்கியவர்! சொல்லும் எண்ணும் ஒரே ஆளிடம்!

திருமலைராயன் அவையில் 64 புலவர்கள் அவரை மடக்கப் பார்த்தார்களாம். கீழே கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரை. மேலே உறி. உடம்பைச் சுற்றிக் கத்தி. அதில் உட்கார்ந்து, கேட்ட பாட்டை எல்லாம் கேட்ட மாத்திரத்தில் பாட வேண்டும். பெயர் எமகண்டம்! பாடிவிட்டு இறங்கினார் என்கிறது கதை. கவுன்ட்டவுனில் தோற்றால் டீ கெட்டில்தான் போகும்!

டீ ஆறிவிட்டதா? பரவாயில்லை, இன்னும் 30 நொடி கொடுங்கள். எண்கள் 25, 100, 9, 7, 5, 3. இலக்கு 340, எண்ணாயிரம் கல்லூரி மாணவர் தொகை. எல்லா எண்ணையும் தொட வேண்டிய அவசியமில்லை. விடையைப் பக்கத்தின் கீழே தலைகீழாக அச்சிடப் போவதில்லை. ஓடுகிறது கடிகாரம்!